வாசிப்பு: நாளைக்கு எட்டுப் பக்கம்

டிசம்பர் 6 கூட்டம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கிவைத்த பிறகு, எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு சடங்கு நடக்கும். யாராவது ஒரு தோழர் வெள்ளைத்தாளை எடுத்து 'அடுத்த ஆண்டு வாசிக்க வேண்டிய நூல்கள்' என்று தலைப்பு எழுதுவார். அப்புறம் ஏலம்தான். ஒருவர் 'மூலதனம்' மூன்று தொகுதியும் என்பார். இன்னொருவர் விடுவாரா? அம்பேத்கர் நூல் தொகுப்பு 37ம் என்பார். அயோத்திதாசர், பெரியார், பூலே, பனான், கிராம்சி என்று தாள் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பும். டீ வரும். குடித்துவிட்டு, பாதியை ஏற்கெனவே படித்துவிட்ட நிம்மதியோடு கலைந்து போவோம். அடுத்த டிசம்பரில் அந்தத் தாளைத் தேடினால் கிடைக்காது. புதுத் தாள் எடுத்துக்கொள்வோம்.

இந்தச் சடங்கை நடத்திவைத்த பூசாரிகளில் நானும் ஒருவன். ஆகவே இதை யார் மேலோ வைக்கிற குற்றச்சாட்டாகப் படிக்க வேண்டாம். சுயவிமர்சனமாகப் படியுங்கள். சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தாள் ஒரு பையனை எங்களிடமிருந்து விரட்டியிருக்கிறது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு வந்தான், ஓரமாக உட்கார்ந்தான், பேசவில்லை. டிசம்பரில் அவன் கையிலும் ஒரு ஜெராக்ஸ் பட்டியலைக் கொடுத்தோம். 52 புத்தகம். "வாரத்துக்கு ஒண்ணு தம்பி, ஒண்ணும் பெரிசில்ல" என்று சொன்ன வாய் என்னுடையது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். பொங்கலுக்குப் பிறகு வரவேயில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "ஏம்பா, இப்பல்லாம் வர்றதே இல்ல?" என்று கேட்டேன். நெளிந்தான். "இல்லண்ணா... மொத புத்தகமே இன்னும் முடிக்கல. முடிச்சிட்டு வரலாம்னுதான். காலேஜ்லயும் அரியர், இங்கயும் அரியர்ணா."

இங்கேயும் அரியர். இந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுக்கு அரியர் வைத்தது. கல்லூரி வைத்தது. போட்டித் தேர்வுகள் வைத்தன. இவற்றுக்கெல்லாம் மாற்றாக ஓர் இடம் வேண்டும் என்றுதானே வட்டம் ஆரம்பித்தோம்? அங்கேயும் ஒருவன் தேறாதவனாக உணர்ந்து, வெட்கப்பட்டு, வராமல் நின்றுபோகிறான் என்றால், நாம் நடத்துவது என்ன? இன்னொரு பரீட்சை ஹால்தானே?

*

சரி, பட்டியல் போட்ட பூசாரி எத்தனை படித்தான்? இதையும் கறாராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பண்டிகை முன்பணம் வாங்கிக்கொண்டு சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவன் நான். பத்து சதவீதக் கழிவு. பை கிழியும்வரை வாங்குவேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் இருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "எல்லாம் படிச்சிட்டீங்களா தோழர்?" என்று கேட்பார்கள். ஒரு சிரிப்புச் சிரிப்பேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படியொரு சிரிப்பு.

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு டார்கெட் என்கிற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இத்தனை கணக்கு, இத்தனை காப்பீடு, இத்தனை நகைக்கடன், இந்தத் தேதிக்குள். எண்ணிக்கை மட்டுமே இலக்கு என்று ஆக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்தது. கோடிக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். பணமே இல்லாத கணக்குகள் இத்தனை இருக்கின்றனவே என்ற கேள்வி எழுந்தது. உடனே சில இடங்களில் வங்கி ஊழியர்களே ஒவ்வொரு கணக்கிலும் ஒரு ரூபாய் போட்டு, 'ஜீரோ பேலன்ஸ்' பட்டியலிலிருந்து அவற்றைத் தூக்கினார்கள். 2016இல் இது பத்திரிகைகளில் வெளிவந்து நாறியது. யாருடைய கணக்கு என்றே தெரியாத ஒருவருக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயால் அவர் வாழ்க்கையில் எதுவும் நடந்துவிடவில்லை. மேலே போகிற அறிக்கையில் மட்டும் எண் மாறியது.

என் அலமாரி முழுக்க ஒரு ரூபாய்க் கணக்குகள்தான் தோழர்களே. ஒவ்வொரு புத்தகத்திலும் முன்னுரை படித்திருப்பேன். பின்னட்டை படித்திருப்பேன். நடுவில் ஒரு பக்கத்தில் கோடு போட்டிருப்பேன். 'படிக்காதது' என்ற பட்டியலிலிருந்து தூக்குவதற்கு இது போதும். கூட்டத்தில் பெயர் சொல்லவும் போதும்.

மாட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு பயிற்சி வகுப்பில் பாபாசாகேப் சொன்னார் என்று ஒரு வாசகத்தை எடுத்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, நோட்டில் எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "அது எந்த நூல்லண்ணா வருது?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது. ஒரு ஸ்டிக்கரில் பார்த்தது அது. "தொகுதியில தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினேன். அவர் தேடியிருப்பார். கிடைத்ததோ இல்லையோ, அந்தப் பெண்ணின் எத்தனை இரவை என் பம்மாத்து தின்றிருக்கும்!

*

இலக்கைச் சின்னதாக்கு என்று சொல்ல வருகிறேன். உடனே ஓர் எதிர்ப்பு வரும் என்று தெரியும். எங்கள் வட்டத்து மூத்த தோழர் ஒருவர் வெடித்தேவிட்டார். "அவனுக்குத் தாத்தன் காலத்து லைப்ரரி இருக்கு. நமக்கு நூறு தலைமுறை பாக்கி. இப்பப் போய் கொறச்சிக்கோன்னு சொல்றியே, பாபாசாகேப் கொறச்சிக்கிட்டாரா?"

நியாயமான கோபம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மகன் கேட்ட புத்தகத்துக்காகக் கட்டிக்கொடுத்த மகளின் நகையை வாங்கி அடகு வைத்தவர் அவருடைய அப்பா ராம்ஜி. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகம் படிக்கவைத்தார்கள். பின்னாளில் தானே முயன்று சமஸ்கிருதம் கற்றார். அமெரிக்காவில் வயிற்றைக் கட்டி வாங்கிச் சேர்த்த புத்தகங்கள், 1917இல் ஊருக்கு அனுப்பும்போது கப்பலோடு கடலில் போயின. மறுபடியும் சேர்த்தார். தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்கு இடம் ஒதுக்கித்தான் வீட்டுக்கே திட்டம் போட்டார். அந்த உழைப்புக்கு முன்னால் நம் எட்டுப் பக்கத்தை நிறுத்த எனக்கும் கூச்சம்தான்.

ஆனால் எத்தனை படித்தார் என்று மட்டும் பார்த்துவிட்டு, எப்படிப் படித்தார் என்று பார்க்காமல் விட்டுவிட்டோமே! பள்ளி நாளில் பாராட்டுக் கூட்டம் ஒன்றில், கேளுஸ்கர் என்ற பெரியவர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அந்த ஒரு புத்தகம் அவருக்குள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடந்தது. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் தீட்சை. 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்தது. அதன் முன்னுரையில் நான்கு சிக்கல்களை எடுத்துவைக்கிறார். முதலாவது, புத்தர் ஏன் துறவு பூண்டார் என்பது. நோயாளியையும் கிழவரையும் பிணத்தையும் பார்த்துத்தான் கிளம்பினார் என்று ஊரெல்லாம் சொல்கிற கதையை அவர் ஏற்கவில்லை. 29 வயதுவரைக்கும் ஒரு மனிதன் இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பான் என்று கேட்கிறார். சின்ன வயதில் பரிசாக வந்த புத்தகம் ஒருவரைக் கடைசி வயதில் இப்படிக் கேட்க வைத்திருக்கிறது. நம் பட்டியலில் அந்த மாதிரிப் புத்தகத்துக்கு எத்தனை நாள்? ஏழு நாள்!

அவருடைய நூல் தலைப்புகளைப் பாருங்கள். 'சூத்திரர்கள் யார்?' 1946இல் வந்தது. 'தீண்டப்படாதோர்: அவர்கள் யார், ஏன் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள்?' 1948. அட்டையிலேயே கேள்வி நிற்கிறது. கேள்வி முதலில். நூலகம் அதற்குப் பிறகு. கேள்வி இருந்ததால் எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது, எதைத் திரும்பப் படிப்பது என்பது அவருக்குத் தெரிந்தது. நாம் கேள்வி இல்லாமல் அவருடைய மணிக்கணக்கை மட்டும் காப்பியடிக்கப் பார்க்கிறோம். அது அவரைப் பின்பற்றுவதும் ஆகாது, நம்மை மதிப்பதும் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1907 ஜூனில் அயோத்திதாசர் இதழ் தொடங்கியபோது வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். வாசகன் மடியில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்து, அந்த அளவுக்கு இதழைச் செய்தார். அதற்காக அதிலே எழுதியதன் தரம் குறைந்துவிட்டதா? வாசகன் மடியைப் பார்ப்பது நம் மரபில் இருக்கிறது. மடியில் காசு மட்டுமல்ல, நேரமும் இருக்கிறது அல்லது இல்லை. அதையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

*

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

அம்பேத்கர் நூல் தொகுப்பில் ஒரு தொகுதிக்குச் சராசரி 500 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 37 தொகுதிக்கு 18,500. வருஷத்தின் 365 நாளால் வகுத்தால் நாளைக்கு 50 பக்கத்துக்குச் சற்று மேலே. ஒரு நாள் விட்டால் மறுநாள் நூற்றைத் தாண்டும். சாவு வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் நூற்றைம்பதைத் தாண்டும். மூன்றாவது வாரம் நாம் கடனாளி. கடன்காரனைப் பார்த்தால் ஒளிவது போலப் புத்தகத்தைப் பார்த்தால் ஒளிய ஆரம்பிப்போம். அலமாரிப் பக்கமே போவதில்லை. படிக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் சோம்பல் அல்ல, இந்த வெட்கம்தான் என்பது என் அனுபவம்.

இப்போது என் வருஷம். ஊருக்கு ஜனவரியில் வருஷம் பிறக்கும், எங்களுக்கு ஏப்ரல் 1இல். மார்ச் முழுக்கக் கணக்கு முடிப்பு, ராத்திரி ஒன்பதுக்கு முன் வீடு கிடையாது. மார்ச்சில் நான் எதுவும் படிக்க மாட்டேன். செப்டம்பர் கடைசி வாரம் அரையாண்டு முடிப்பு, அதுவும் போச்சு. ஏப்ரல் 14ஐ ஒட்டிப் பத்துப் பதினைந்து நாள் சுவரெழுத்து, வசூல், கூட்டம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி. எங்காவது ஒரு ஊரில் ஏதாவது நடந்துவிட்டால் உண்மை அறியும் குழுவோடு போகிற நாட்கள். இவற்றையெல்லாம் கழித்தால் 250 நாள் மிஞ்சும்.

அந்த 250 நாளில் எனக்கென்று உள்ள நேரம் சாயங்காலம் 6.10 பேருந்து. காலைப் பேருந்தில் நிற்கத்தான் இடம். சாயங்காலம் கிளம்புகிற இடத்திலேயே ஏறுவதால் ஜன்னலோரம் கிடைக்கும். நாற்பது நிமிஷம். பென்சிலோடு படித்தால் எட்டுப் பக்கம் நகரும். 250ஐ எட்டால் பெருக்குங்கள். 2,000 பக்கம்.

அவ்வளவுதான் என் வருஷம். முதல் தடவை இந்த எண்ணைப் பார்த்தபோது அவமானமாக இருந்தது. அப்புறம் நிதானமாக யோசித்தால், இதற்கு முந்தைய எந்த வருஷத்திலும் நான் 2,000 பக்கத்தை உருப்படியாகப் படித்ததில்லை. வேறு எதையும் தொடாமல் இதே வேகத்தில் போனால் 37 தொகுதிக்கு ஒன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். எனக்கு இப்போது 36. 45இல் முடித்திருப்பேன். முடிக்கட்டுமே! 45 வயதில் பாபாசாகேப் முழுவதையும் படித்திருக்கிற ஒரு குமாஸ்தா, ஒவ்வொரு டிசம்பரிலும் பட்டியல் எழுதியே 60இல் ஓய்வுபெறுகிற குமாஸ்தாவைவிட மேல்.

கிராமத்துப் பெண்கள் மாதா மாதம் ஆர்.டி. கட்ட வருவார்கள். ஐந்நூறு ரூபாய், சுருக்குப்பையில் மடித்துவைத்த நோட்டு. நான் அவர்களிடம் கற்றுக்கொண்ட பொருளாதாரம் இதுதான்: கட்ட முடிகிற தொகைக்குத்தான் கணக்குத் தொடங்குவார்கள். கௌரவத்துக்காக ஐயாயிரம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு மூன்றாவது மாதம் நிறுத்துவதில்லை.

போன வருஷம் 2,000 என்று வைத்து 1,640 முடித்தேன். 360 பக்கம் பாக்கி. அந்தப் பாக்கியை இந்த வருஷத்தில் ஏற்றவில்லை. தள்ளுபடி செய்துவிட்டேன். பெரிய முதலாளிகளுக்குக் கோடிகளைத் தள்ளிக்கொடுக்கிற நாட்டில் எனக்கு நானே 360 பக்கம் தள்ளிக்கொள்ளக் கூடாதா?

பாதியில் விட்டதும் உண்டு. நாள் முழுக்க ரூபாய் எண்ணுகிறவன் அம்பேத்கரின் 'ரூபாயின் சிக்கல்' படிக்காமல் இருக்கலாமா என்று ஆரம்பித்தேன். 1923இல் வந்த நூல். வெள்ளி நாணயம், தங்க நாணயம், மாற்று விகிதம் என்று போய் அறுபதாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். முன்பாக இருந்தால் படித்ததாகச் சொல்லியிருப்பேன். இப்போது 'அறுபதில் நிற்கிறது' என்று எழுதிவைத்திருக்கிறேன். பொருளாதாரம் படிக்கிற ஒரு தங்கை வட்டத்துக்கு வந்திருக்கிறார். அவரோடு சேர்ந்து உட்கார்ந்தால் நகரும். தனியாக முடியாத புத்தகத்தைக் கூட்டாகப் படிப்பதும் ஓர் இலக்குத்தான்.

*

இந்தக் கணக்கை வீட்டில் பெருமையாகக் காட்டினேன். என் துணைவியார் தனியார் பள்ளியில் ஆசிரியை. தாளைப் பார்த்தார். "எட்டுப் பக்கம், சரி. பஸ்ல ஒங்களுக்கு சீட்டு கெடைக்குது. எறங்குனா டீ கெடைக்குது. எனக்கு எறங்குனா அடுப்பு, புள்ள ஹோம்வொர்க், திருத்துற நோட்டு. இந்தக் கணக்குல நான் எங்க இருக்கேன்?"

பதில் இல்லை. 'நமக்கு நேரமில்லை' என்று கூட்டத்தில் சொல்கிறோமே, அந்த 'நமக்கு'க்குள் பெண்கள் இல்லை. நமக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரமும் அவர்களிடமிருந்து எடுத்ததுதான். வாசிப்பு வட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் வீடுகளில் கறிக்கு மசாலா அரைப்பது யார்? பெண் தோழர்கள் ஏன் வருவதில்லை என்று தீர்மானம் போடுகிறோம்!

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் சாயங்காலம் அடுப்படியும் பிள்ளையும் என் பொறுப்பு என்று முடிவானது. முதல் மாதம் சாம்பார் அடிப்பிடித்தது. அவர் தனக்கு ஐந்து பக்கம் என்று வைத்துக்கொண்டார், அதுவும் அவர் தேர்ந்தெடுத்த புத்தகத்தில். என் பட்டியலை அவர் தொடவில்லை. போன வருஷம் எனக்கு ஒரு புத்தகம் கூடுதலாகவே முடித்தார். தனிமனித வாசிப்பு இலக்கு என்று ஒன்று கிடையாது தோழர்களே. ஒரு வீட்டில் ஒருவர் படிக்க உட்கார்ந்தால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. யார் நிற்பது என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

*

எட்டுப் பக்கம் சரி, எதில் எட்டுப் பக்கம்? ஒரு வருஷத்துக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும்.

எனக்கு வந்தது கவுண்ட்டரில். பெரியவர் ஒருவர் பயிர்க் கடன் கேட்டு வந்தார். எங்கள் ஆள். "தாத்தா காலத்துல சர்க்கார் குடுத்த எடம்பா, நாங்கதான் ஓட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார். பட்டா அவர் பெயரில் இல்லை. எந்தக் காகிதமும் இல்லை. கடன் இல்லை என்று அனுப்பினோம். மேலாளர் அனுப்பினார் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்த கை என்னுடையது.

அது என்ன நிலம்? யார் கொடுத்தது? யார் பெயருக்கு எப்படிப் போனது? இதுதான் வருகிற ஆண்டுக்கு என் கேள்வி. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை, 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலம், பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்கு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை. இவையெல்லாம் கூட்டங்களில் காதால் கேட்டவை. நான் படித்ததில்லை. 1994 அக்டோபர் 10இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆண்டுதோறும் பெயர் சொல்லி வணங்குகிறோம். எதைக் கேட்டுச் செத்தார்களோ அதைப் பற்றி நாற்பது பக்கம் படித்திருக்கிறேனா? இல்லை. கூடவே, விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும் என்று 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் பாபாசாகேப் முன்வைத்த திட்டம்.

இவ்வளவும் சேர்த்தால் ஆயிரம் பக்கம் வரலாம். என் 2,000இல் பாதி. மீதிப் பாதியில் 500 கதைக்கும் கவிதைக்கும் தன்வரலாறுகளுக்கும். கவிதை எழுதுகிறவன் அடுத்தவர் கவிதையைப் படிக்காமல் எழுதிக்கொண்டே போனால் அவன் கவிதை மொன்னையாகிவிடும். 250 சிறுபத்திரிகைகளுக்கு. கடைசி 250 எதற்கென்று எழுதாமல் விட்டிருக்கிறேன். வழியில் எதிர்ப்படும் புத்தகத்துக்கு இடம் வேண்டாமா?

இதற்காகப் பண்டிகை முன்பணம் வாங்கி மூட்டை கட்ட வேண்டியதில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் இது. வீட்டுவரி ரசீதைப் பாருங்கள், நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டியிருப்பீர்கள். நம் காசில் நடக்கிற இடம். உறுப்பினராகுங்கள். இன்ன புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இல்லை என்றால் மறுபடி எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் அது மனு.

*

படித்துவிட்டேன் என்று எப்போது சொல்வது? கடைசிப் பக்கத்தைத் தொட்டதாலா? எனக்கு இதற்கு அளவுகோல் கொடுத்தது அம்மா. அறிவொளி இயக்கம் வந்தபோது கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர், அதற்கு மேல் வாசிக்க வராது. நான் படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடா எழுதியிருக்கு? சொல்லேன்" என்பார். ஒருநாள் பாமாவின் 'கருக்கு' கையில் இருந்தது. 1992இல் வந்த புத்தகம். இரண்டு பக்கம் சத்தமாகப் படித்தேன். தெக்கத்திப் பேச்சு, எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. ஒன்றிரண்டு வார்த்தைக்கு நின்றார். பட்டம் வாங்கிய நான் தடுமாறிய இடத்தைக்கூட அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "இது நான் பட்டதுதானே, இதப் போயி புஸ்தகமா போட்டிருக்காங்களா?" என்றார். மறுநாள் அவரே கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்னாச்சு?"

அம்மாவிடம் சொல்ல முடிந்தால் நான் படித்திருக்கிறேன். சொல்ல முடியவில்லை என்றால் ஒரு ரூபாய் போட்டிருக்கிறேன். இந்த அளவுகோலில் என் அலமாரியை அளந்தால் முப்பது புத்தகம் தேறும். தேறட்டும். அந்த முப்பதும் என்னுடையவை.

அரியர் என்று சொன்ன பையனை இந்த நவம்பரில் தேடிப் போனேன். இரண்டு பேப்பர் பாக்கியோடு படிப்பு முடிந்து, செல்போன் கடையில் நிற்கிறான். அதே 'கருக்கு'வைக் கொடுத்தேன். "எத்தன நாள்ல முடிக்கணும்ணா?" என்றான். "முடிக்கணும்னு இல்ல. பத்துப் பக்கம் படி. ஒனக்கு ஒரு கேள்வி வந்தா எடுத்துக்கிட்டு வா." மூன்று வாரம் கழித்து வந்தான். "டீச்சர் வேல இருக்கும்போது, அத உட்டுட்டு ஏண்ணா மடத்துக்குப் போனாங்க?" என்று கேட்டான். வட்டத்தில் அன்று இரண்டு மணிநேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். படிப்பு, வேலை, தொண்டு, சாதி எல்லாம் வந்தது. 52 தலைப்பு எழுதிய எந்த டிசம்பரிலும் அப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. கடையில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம், லீவு கிடையாதாம். திங்கள் ராத்திரி என்றால் வருவேன் என்கிறான். திங்கள் ராத்திரி எங்களில் பாதிப் பேருக்கு ஒத்துவராது.

இந்த டிசம்பர் 6 அன்று நாங்கள் பட்டியல் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் இரண்டே வரி எழுதினோம். வருகிற ஆண்டுக்கு என் கேள்வி இது, என் ஒரு நாளைக்கு இத்தனை பக்கம். மூன்று பக்கம் என்று எழுதியவரும் உண்டு, யாரும் சிரிக்கவில்லை. ஞாயிறு காலையா, திங்கள் ராத்திரியா என்பது மட்டும் முடிவாகவில்லை. எங்கள் வசதிக்கு அவனை வரச்சொல்வதா, அவன் நேரத்துக்கு வட்டத்தை நகர்த்துவதா? என் ஓட்டு திங்கள் ராத்திரிக்கு.

உங்கள் ஊர் வட்டங்களில் என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள். விவாதிப்போம்.